பெங்களூரில் உங்கள் ஏரியாவின் உள்ளாட்சி வரலாற்றை நீங்களே எழுதுவது எப்படி

கே.ஆர்.புரம் பக்கம் எங்கள் லேஅவுட் சங்கத்தின் காகிதங்களை எல்லாம் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கணக்கு எழுதுவது தொழில் என்பதால் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. அப்பா தூரவாணி நகரில் இருக்கும் டெலிபோன் தொழிற்சாலையில், அதாவது ஐ.டி.ஐ.யில், வேலை பார்த்தவர். தர்மபுரியிலிருந்து வந்தவர். குவார்ட்டர்ஸில் இருந்துவிட்டு, அப்புறம் சைட் வாங்கி வீடு கட்டினார். எங்கள் பக்கம் இப்படி வந்து வேரூன்றிய தமிழ்க் குடும்பங்கள் நிறைய. சொந்த ஊரில் தாத்தா காலத்து மணியக்காரர் யார் என்று கேட்டால் டக்கென்று சொல்வார்கள். இருக்கிற தெருவை இத்தனை வருஷமாக யார் நிர்வாகம் செய்தார்கள் என்று கேட்டால் தெரியாது.

அது தெரிந்தே ஆகவேண்டும் என்பது என் கட்சி. உங்கள் வீட்டுக் காத்தா (உள்ளாட்சியின் சொத்து வரிக் கணக்குப் பதிவு) ஏன் பி ரிஜிஸ்டரில் கிடக்கிறது, இரண்டு தெரு தள்ளி காவேரித் தண்ணீர் வந்து பல வருஷம் கழித்துத்தான் உங்களுக்கு ஏன் வந்தது, சாக்கடை ஏன் பாதியில் நிற்கிறது என்பதற்கெல்லாம் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் விடை இருக்கிறது. உங்கள் தெரு எந்த வருஷம் எந்த உள்ளாட்சியின் கையில் இருந்தது என்பதுதான் அது. அதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சியாளர் யாரும் வரமாட்டார்கள். நாம்தான் உட்கார்ந்து எழுதவேண்டும்.

வரி ரசீதில் ஆரம்பியுங்கள்

வரலாறு என்றதும் பெங்களூரை உருவாக்கிய கெம்பே கௌடாவிடம் ஓடாதீர்கள். பீரோவில் இருக்கும் வீட்டு வரி ரசீதுகளை எடுத்து வருஷ வாரியாக அடுக்குங்கள். உங்களிடம் இல்லையென்றால் தெருவில் முதலில் வீடு கட்டியவர்களிடம் கேளுங்கள். ரசீதைத் தூக்கிப் போடும் பழக்கம் அந்தத் தலைமுறைக்குக் கிடையாது.

அப்பாவின் ரசீதுகள் என் முன்னால் இருக்கின்றன. பழையவை உள்ளங்கை அகலம்தான். மட்டமான தாள், கார்பன் வைத்து எழுதியது, கன்னட அச்சு. மேலே பஞ்சாயத்தின் பெயர், கீழே காரியதரிசியின் கையெழுத்து, ஓரத்தில் ஊதா ரப்பர் ஸ்டாம்ப். மொத்தம் எவ்வளவு கட்டினார் என்பதை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைக்காதீர்கள். தலைப்பில் இருக்கும் பெயரைப் படியுங்கள். கன்னடம் படிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கூப்பிடுங்கள், படித்துக் காட்டும்.

தலைப்பில் மண்டல பஞ்சாயத்து என்று இருந்தால் அது 1987-ஐ ஒட்டிய காலம். கர்நாடகத்தில் 1983-ல் வந்த சட்டப்படி பல கிராமங்களைச் சேர்த்து மண்டலம் ஆக்கினார்கள். தேர்தல் நடந்தது 1987-ல். 1993-ல் புதுப் பஞ்சாயத்து ராஜ் சட்டம் வந்ததும் மண்டலம் போய் மறுபடி கிராம பஞ்சாயத்து ஆனது. அதற்கு அடுத்து நகரசபை என்ற தலைப்பு வரலாம். நகரசபை என்பது சி.எம்.சி., அதாவது சிட்டி முனிசிபல் கவுன்சில்; அதைவிடச் சின்னது புரசபை, அதாவது டி.எம்.சி., டவுன் முனிசிபல் கவுன்சில். 2007-க்கு அப்புறம் பிருஹத் பெங்களூரு மகாநகர பாலிகே, அதாவது பி.பி.எம்.பி. என்ற பெருநகர மாநகராட்சி. 2025 செப்டம்பருக்குப் பிறகு எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு பெங்களூரு பூர்வ நகர பாலிகே, அதாவது கிழக்கு மாநகராட்சி.

எல்லா ஏரியாவுக்கும் இதே வரிசை இருக்கும் என்று நினைக்காதீர்கள். பெள்ளந்தூரைப் பாருங்கள். நகரசபையாக ஒரு நாளும் இருந்ததில்லை. கிராம பஞ்சாயத்திலிருந்து நேராக பாலிகேவுக்குப் போனது. அந்தப் பஞ்சாயத்து 90-களின் கடைசியிலேயே வரிக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றி நாடு முழுக்கப் பேசப்பட்டது. பெரிய அமைப்புக்குள் போனால்தான் நல்ல நிர்வாகம் என்று சொல்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது பெள்ளந்தூரைத்தான்.

ரசீதில் வரியோடு செஸ் என்று தனித்தனியாகப் போட்டிருப்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நூலகம், சுகாதாரம், பிச்சைக்காரர் மறுவாழ்வு என்று பிரித்திருப்பார்கள். நூலக செஸ் வருஷா வருஷம் கட்டியிருக்கிறோமே, நம் ஏரியாவுக்கு நூலகம் எப்போது வந்தது என்று கேட்கிற உரிமை அந்தச் சின்னத் தாளில் இருக்கிறது.

பத்திரத்தின் ஷெட்யூல்

அடுத்தது கிரயப் பத்திரம். முன் பக்கங்களை விட்டுவிட்டுக் கடைசியில் வரும் ஷெட்யூலுக்குப் போங்கள். சர்வே நம்பர், கிராமம், ஹோப்ளி (தாலூக்காவுக்குள் வரும் சில கிராமங்களின் தொகுப்பு), தாலூக்கா எல்லாம் அங்கேதான் இருக்கும். எங்கள் பக்கத்துப் பத்திரங்களில் அடிக்கடி இப்படி ஒரு வரி வரும்: கிருஷ்ணராஜபுரம் ஹோப்ளி, முன்பு பெங்களூர் தெற்கு தாலூக்கா, இப்போது பெங்களூர் கிழக்கு தாலூக்கா. அந்த வரியைத் தாண்டிப் போகாதீர்கள். தாலூக்கா மாறியிருந்தால் பழைய காகிதம் வேறு ஆபீஸில் இருக்க வாய்ப்புண்டு. பெங்களூர் மாவட்டமே 1986-ல் நகர்ப்புறம், ஊரகம் என்று இரண்டாகப் பிரிந்தது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பத்திரம் கையில் இல்லையென்றால் திஷாங்க் ஆப் இருக்கிறது, கர்நாடக அரசினுடையது. தெருவில் நின்று திறந்தால் நீங்கள் நிற்கும் இடத்தின் சர்வே நம்பரையும் கிராமத்தையும் காட்டும். லேஅவுட் பெயர் சினிமா நடிகர் பெயராகவோ சாமி பெயராகவோ இருக்கலாம். அரசாங்கக் காகிதத்தில் அந்தப் பெயர் இருக்காது, கிராமத்தின் பெயரும் சர்வே நம்பரும்தான் இருக்கும். இனிமேல் தேடுவதையெல்லாம் அந்த இரண்டை வைத்துத்தான் தேடப் போகிறீர்கள்.

ஒரு கிராமம் எப்படி நகரமாகிறது

அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம் 1993 ஜூன் 1-ம் தேதி அமலுக்கு வந்தது. கிராமத்திலிருந்து நகரமாக மாறிக்கொண்டிருக்கும் ஊருக்குப் பட்டண பஞ்சாயத்து, சின்ன நகரத்துக்கு நகராட்சி, பெரிய நகரத்துக்கு மாநகராட்சி என்று மூன்று வகை சொன்னது. ஒவ்வொன்றுக்கும் ஐந்து வருஷப் பதவிக்காலம், கலைத்தால் ஆறு மாதத்துக்குள் தேர்தல் என்றும் சொன்னது. எந்த ஊர் எந்த வகை என்பதை மாநில அரசு முடிவு செய்யும். மக்கள்தொகை, நெருக்கம், விவசாயம் அல்லாத வேலை செய்பவர்கள் எத்தனை பேர், வரி வருமானம் எவ்வளவு என்று பார்ப்பார்கள். கர்நாடகத்தில் இதற்கான சட்டம் 1964-ன் நகராட்சிகள் சட்டம்.

முறை இதுதான்: முதலில் வரைவு அறிவிக்கை கெஜட்டில், அதாவது அரசிதழில், வரும், மக்கள் ஆட்சேபம் எழுதித் தரக் கால அவகாசம் இருக்கும், அப்புறம் இறுதி அறிவிக்கை. ஆகவே ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டு காகிதங்கள் உண்டு. இரண்டையும் தேடுங்கள். வரைவில் இருந்த ஒரு கிராமம் இறுதியில் காணாமல் போயிருந்தால் அங்கே ஒரு கதை இருக்கிறது என்று அர்த்தம்.

பெங்களூரைச் சுற்றி இப்படி ஏழு நகரசபைகள் இருந்தன: கிருஷ்ணராஜபுரம், மகாதேவபுரா, பொம்மனஹள்ளி, பேட்டராயனபுரா, தாசரஹள்ளி, எலகங்கா, ராஜராஜேஸ்வரி நகர். கெங்கேரி மட்டும் புரசபை. 2001 மக்கள்தொகைக் கணக்கில் கே.ஆர்.புரத்தில் மட்டும் 1,80,000 பேருக்கு மேல். வேறு மாவட்டத்தில் இருந்திருந்தால் அதுவே தனிப் பெரிய ஊர். தனி கவுன்சில், தனி பட்ஜெட், தனி தலைவர் எல்லாம் இருந்தன. இன்றைய இளைஞர்களிடம் சொன்னால் நம்புவதில்லை.

2006 நவம்பரில் வரைவு வந்தது. 2007 ஜனவரியில் இறுதி அறிவிக்கை. அந்த எட்டு அமைப்புகளும், 110 கிராமங்களும், 100 வார்டு கொண்ட பழைய மாநகராட்சியும் சேர்ந்து பி.பி.எம்.பி. ஆயின. சுமார் 226 சதுர கிலோமீட்டராக இருந்த நகரம் ஒரே கையெழுத்தில் 700-ஐத் தாண்டியது. தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் அதே வேகத்தில் தாண்டவில்லை. அந்த 110 கிராமங்களுக்காகவே போட்ட காவேரி ஐந்தாம் கட்டம், நாளுக்கு 775 மில்லியன் லிட்டர் திட்டம், தொடங்கி வைக்கப்பட்டது 2024 அக்டோபரில். இணைத்த வருஷத்துக்கும் தண்ணீர் வந்த வருஷத்துக்கும் நடுவில் 17 வருஷ இடைவெளி. உங்கள் ஏரியா நகரசபையில் இருந்ததா, 110 கிராமத்தில் ஒன்றா என்று தெரிந்துகொள்வது ஏன் முக்கியம் என்று இப்போது புரிந்திருக்கும்.

பி காத்தா விஷயமும் இங்கிருந்துதான் வருகிறது. ரெவின்யூ நிலத்தை, அதாவது வீட்டு மனையாக முறைப்படி மாற்றாத விவசாய நிலத்தை, துண்டு போட்டு விற்ற சைட்டுகளுக்குப் பஞ்சாயத்தும் நகரசபையும் வரி வாங்கிக்கொண்டிருந்தன. பாலிகே வந்ததும், அங்கீகாரம் இல்லாத சொத்துகளின் வரிக்கணக்கை மட்டும் எழுதிவைக்க பி ரிஜிஸ்டர் என்று ஒரு தனி ரிஜிஸ்டர் போட்டார்கள். வரி கட்டுவதற்கு அது உதவும்; முறையான அங்கீகாரத்துக்கு அது போதாது. ஆகவே உங்கள் லேஅவுட் பிறந்த வருஷம், யார் அனுமதி கொடுத்தது அல்லது கொடுக்கவில்லை என்ற இரண்டும் உங்கள் குறிப்பில் கட்டாயம் வேண்டும்.

தண்டு பக்கம் இருப்பவர்களுக்கு

அல்சூர், சிவாஜிநகர், ஃபிரேசர் டவுன், காக்ஸ் டவுன் ஆட்களின் கதை முழுக்க வேறு. கன்டோன்மென்ட் என்ற அந்தப் படை முகாம் பகுதியை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் தண்டு என்றுதான் சொல்வார்கள். 1809-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து வெள்ளைக்காரப் படை இங்கே வந்ததும் அதோடு வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து தமிழர்கள் வந்ததும் தெரிந்த விஷயம். 1862-ல் பேட்டைக்கு, அதாவது பழைய ஊருக்கு, ஒரு நகராட்சி போர்டு, தண்டுக்கு ஒரு போர்டு என்று இரண்டு ஏற்பட்டன. 1881-ல் மைசூர் அரசு மறுபடி மகாராஜா கைக்குப் போனபோது தண்டு மட்டும் பிரிட்டிஷ் ரெசிடென்ட் கையிலேயே தங்கிவிட்டது. சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன் என்று பெயர். நடுவில் கப்பன் பார்க். இந்தப் பக்கம் ஒரு அரசு, அந்தப் பக்கம் இன்னொரு அரசு. 1898-ல் பிளேக் வந்தபோதும் இரண்டு நகராட்சிகளும் தனித்தனியாகத்தான் ஊரை விரிவாக்கின. பேட்டை பக்கம் பசவனகுடி, மல்லேஸ்வரம், தண்டு பக்கம் ஃபிரேசர் டவுன். 1947-ல் தண்டு மைசூருக்குத் திரும்பியது. 1949-ல் வந்த சட்டம் இரண்டையும் சேர்த்து ஒரே மாநகராட்சி ஆக்கியது.

ஆகவே தண்டுக்காரர்கள் 1947-க்கு முந்தைய காகிதத்தை மைசூர் அரசின் கோப்புகளில் மட்டும் தேடினால் கிடைக்காது. ரெசிடென்சி கோப்புகள் டெல்லியில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவர்களுடைய அபிலேக் படல் இணையதளத்தில் பெயர் போட்டுத் தேடலாம். பெங்களூரிலேயே பார்க்க கர்நாடக மாநில ஆவணக் காப்பகம் உண்டு. கப்பன் பார்க்கின் சிவப்பு நூலகத்தில் பழைய கெசட்டியர்கள் உண்டு. அடையாள அட்டையும் பென்சிலும் எடுத்துப் போங்கள்.

கெஜட்டும் சென்சஸும்

கர்நாடக கெஜட் இதழ்களை இ-ராஜ்யபத்ரா தளத்தில் பார்க்கலாம். பழையதற்கு நூலகம்தான் கதி. அறிவிக்கையின் பின்னிணைப்பில் எல்லை விவரம் இருக்கும்: வடக்கே இந்தக் கிராமத்தின் எல்லை, கிழக்கே இந்த சர்வே நம்பர் என்று. அதை உங்கள் சர்வே நம்பரோடு ஒப்பிட்டுப் பார்த்தால் உங்கள் தெரு உள்ளேயா வெளியேயா என்று தெரிந்துவிடும். யார் சொன்னதையும்விட இதுதான் கடைசி வார்த்தை.

மாவட்ட சென்சஸ் கையேடுகளை நிறையப் பேர் கண்டுகொள்வதில்லை. ஒவ்வொரு பத்து வருஷத்துக்கும் ஒன்று, சென்சஸ் துறையின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நகரப் பட்டியலில் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் அதன் அந்தஸ்து போட்டிருக்கும். கிராமப் பட்டியலில் குடிநீர், பள்ளிக்கூடம், தார் ரோடு இருந்ததா என்றுகூட இருக்கும். ஒரு எச்சரிக்கை: சென்சஸ் டவுன் என்று போட்டிருந்தால் அங்கே நகராட்சி இருந்தது என்று எழுதிவிடாதீர்கள். 5,000 பேருக்குக் குறையாமல், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், ஆண் உழைப்பாளிகளில் முக்கால்வாசிப் பேர் விவசாயம் அல்லாத வேலை என்றிருந்தால் சென்சஸ்காரர்கள் அப்படிக் குறித்துவிடுவார்கள். நிர்வாகம் கிராம பஞ்சாயத்தாகவே இருக்கும். பெயரும் மாறும், 2001 சென்சஸில் ராஜராஜேஸ்வரி நகரைத் தேடினால் கிடைக்காது, பட்டணகெரே என்று தேடவேண்டும்.

பெரியவர்களிடம் கேட்பது

எந்த வருஷம் லைட் வந்தது என்று கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. குடும்பத்தில் நடந்ததோடு முடிச்சுப் போட்டுக் கேளுங்கள். எங்கள் தெருக் கோடியில் இருக்கும் ஆயா ஒருவரிடம் நான் பேசியது இப்படிப் போனது.

“ஆயா, பெரிய அக்கா கல்யாணத்துக்குப் பந்தல் போட்டீங்களே, அப்போ தெருவிளக்கு இருந்துச்சா?”

“எங்கம்மா இருந்துச்சு? பெட்ரோமாக்ஸ் வாடகைக்கு எடுத்தோம். சின்னவன் எஸ்.எஸ்.எல்.சி. எழுதினப்போதான் கம்பம் நட்டாங்க.”

“யார் வந்து நட்டாங்க, பஞ்சாயத்தா?”

“மெம்பர் வந்து நின்னாரு. ஓட்டு வரப்போகுதுன்னு அவசர அவசரமா நட்டாங்க.”

சின்னவரின் எஸ்.எஸ்.எல்.சி. மார்க் ஷீட் அந்த வீட்டிலேயே இருந்தது. வருஷம் கிடைத்துவிட்டது, அந்த வருஷம் உள்ளூரில் தேர்தல் இருந்ததா என்பதைத் தனியாகச் சரிபார்த்துக்கொள்ளலாம். பெரியவர்கள் சொன்னதை அப்படியே எழுதுங்கள், பக்கத்தில் காகித ஆதாரம் இருக்கிறதா இல்லையா என்று குறியுங்கள். பெண்களிடம் அவசியம் கேளுங்கள். தண்ணீர் எங்கே பிடித்தோம், ரேஷன் எங்கே வாங்கினோம் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

இன்னும் பின்னால் போக ஆசையிருந்தால் கோயில் கல்வெட்டுகள் இருக்கின்றன. தொம்மலூர் சொக்கநாதர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் உண்டு. ஊரைத் தொம்பலூர் என்கின்றன. பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகளை பி.எல். ரைஸ் தொகுத்து 1905-ல் எபிகிராபியா கர்நாடிகாவின் ஒன்பதாம் தொகுதியாக வெளியிட்டார். உங்கள் ஊர்ப் பெயர் அதில் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

ஆர்.டி.ஐ. போடும்போது

மேலே சொன்னதெல்லாம் செய்து முடித்த பிறகு விடுபட்டதற்கு மட்டும் ஆர்.டி.ஐ., அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு, போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் வரவேண்டும். கர்நாடகத்தில் ஒரு மனுவுக்கு ஒரே விஷயம், 150 வார்த்தைக்குள். ‘எங்கள் ஏரியாவின் வரலாறு வேண்டும்’ என்று எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இன்ன வருஷத்திலிருந்து இன்ன வருஷம் வரை, இன்ன நகரசபை கவுன்சில் கூட்ட நடவடிக்கைப் புத்தகத்தில் இன்ன கிராமத்தின் சாலைப் பணி பற்றிய தீர்மானங்களின் நகல் என்று குறிப்பாகக் கேளுங்கள். கோப்பை நேரில் பார்க்கவும் சட்டத்தில் உரிமை இருக்கிறது, அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

எனக்கு ஒரு அலுவலகத்திலிருந்து ‘இது எங்கள் வரம்பில் இல்லை’ என்று ஒரே வரியில் பதில் வந்தது. அப்படி வந்தால் விட்டுவிடாதீர்கள். சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு ஐந்து நாளுக்குள் அவர்களே மாற்றி அனுப்பவேண்டும் என்று பிரிவு 6(3) சொல்கிறது. 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு எழுதுங்கள். 2025-ல் பாலிகே ஐந்தாகப் பிரிந்த பிறகு பழைய கோப்புகள் இடம் மாற வாய்ப்பு அதிகம். நகரசபைக் காலத்துத் தீர்மானப் புத்தகங்கள் ஒருமுறை தொலைந்தால் தொலைந்ததுதான், ஆகவே இந்த வேலையைத் தள்ளிப்போட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

எழுதும்போது

கட்டுரையாக எழுதவேண்டாம், அட்டவணை போதும். வருஷம், எந்த உள்ளாட்சி, வார்டு எண், யார் பிரதிநிதி, என்ன வேலை நடந்தது, ஆதாரம் என்று கட்டம் போடுங்கள்.

வார்டு எண்ணில் கவனம் தேவை. 198 வார்டு என்று பிரித்து 2010 மார்ச்சிலும் 2015 ஆகஸ்டிலும் தேர்தல் நடந்தது, அதில் கே.ஆர்.புரம் 52-வது வார்டு. அப்புறம் 243 என்றார்கள், 225 என்றார்கள், இரண்டுக்கும் தேர்தலே நடக்கவில்லை. ஐந்து மாநகராட்சி ஆன பிறகு மொத்தம் 369. ஒரே வீட்டுக்கு நாலு எண் இருக்கலாம், ஆனால் ஓட்டுப் போட்டது ஒன்றுக்குத்தான்.

பிரதிநிதி இல்லாத வருஷங்களைத் தயவுசெய்து காலியாக விடாதீர்கள். ‘கவுன்சில் இல்லை, அதிகாரி நிர்வாகம்’ என்று சிவப்பு மையில் எழுதுங்கள். பழைய மாநகராட்சி கவுன்சிலின் காலம் 2006 நவம்பரில் முடிந்து, அடுத்த தேர்தல் 2010-ல்தான் வந்தது. 2020 செப்டம்பர் 10-ம் தேதி மறுபடி கவுன்சில் முடிந்தது. அதற்கப்புறம் ஐந்து வருஷத்துக்கும் மேலாகக் கவுன்சிலரே இல்லை. ஆறு மாதத்துக்குள் தேர்தல் என்று அரசியல் சட்டம் சொல்லும் நாட்டில் இது நடந்தது. என் அட்டவணையில் அந்தச் சிவப்பு வரிகளைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. தெருவில் தண்ணீர் தேங்கிய வருஷங்களையும் அந்த வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து சங்கக் கூட்டத்தில் காட்டுங்கள், யாரும் சும்மா இருக்க மாட்டார்கள்.

முடிந்ததும் மூன்று நகல் எடுங்கள். ஒன்று சங்கத்துக்கு, ஒன்று பக்கத்து அரசுப் பள்ளி நூலகத்துக்கு, ஒன்று வார்டு அலுவலகத்தில் கொடுத்து உங்கள் நகலில் சீல் வாங்கிக்கொள்ள. அடுத்த வார்டு எல்லை வரைவு வரும்போது ஆட்சேப மனுவோடு இந்த அட்டவணையை இணைத்துக் கொடுங்கள். தமிழில் ஒரு பிரதி, கன்னடத்தில் ஒரு பிரதி இருக்கட்டும். மனு கன்னடத்தில் போனால்தான் சீக்கிரம் படிப்பார்கள்.